விழுப்புரத்திலிருந்து ஒரே நாளில் சென்னை போய் கேமரா வாங்கி வர: எதை, எங்கே, எப்படிப் பார்த்து வாங்குவது?

தேர்வடம்:

வணக்கம். இப்போது கையில் இருப்பது கேனான் 200டி, 18-55 எஸ்டிஎம், 55-250 எஸ்டிஎம் லென்ஸ்கள், ஒரு கோடாக்ஸ் ஃபிளாஷ், அதைத் தூரத்திலிருந்து எரியவைக்கும் ட்ரிகர். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு, ஊர்க் கோயில் திருவிழா, இவைதான் வேலை. அடுத்த முகூர்த்தத்துக்கு முன்னால் மிரர்லெஸ்ஸுக்கு (உள்ளே கண்ணாடி இல்லாத புது வகைக் கேமரா) மாறவேண்டும். பட்ஜெட் 1,25,000 வரை. கேனானின் ஆர்50 அல்லது ஆர்10 என்று மனதில் இருக்கிறது.

ஊரில் கிடைக்கவில்லை, ஆர்டர் போட்டுத்தான் வரவழைப்பார்களாம். பெட்டியைப் பிரித்துப் பார்க்காமல் முன்பணம் கட்ட மனமில்லை. அதனால் காலையில் சென்னை போய் மாலையில் திரும்புவதாக யோசனை. கேள்விகள்:

ஆர்50-ஆ ஆர்10-ஆ? பழைய லென்ஸும் ஃபிளாஷும் இரண்டிலும் ஓடுமா? எந்தக் கிழமை, எந்தப் பக்கம் போகலாம்? ரிச்சி ஸ்ட்ரீட் சரியா? கடையிலேயே என்னென்ன பார்க்கவேண்டும்? வீட்டுக்கு வந்து ஒரு குறை தெரிந்தால் மறுபடி 160 கிலோமீட்டர் போய் 160 கிலோமீட்டர் வரவேண்டும், அதுதான் பயம்.

பழையஷட்டர்:

ஃபிளாஷ் வைத்திருக்கிறீர்கள் இல்லையா, அந்த ஒரு விஷயத்திலேயே பதில் பாதி முடிந்துவிடுகிறது. ஆர்10 வாங்குங்கள்.

காரணம் மேலே இருக்கும் ஹாட் ஷூ, அதாவது ஃபிளாஷ் மாட்டும் இடம். ஆர்10-இல் புது மாதிரி ஷூதான், ஆனால் பழைய ஃபிளாஷின் ஐந்து ஊசிக்கான தொடுபுள்ளிகளும் கூடவே இருக்கின்றன. உங்கள் கோடாக்ஸ் ட்ரிகரை அப்படியே தள்ளி மாட்டலாம். ஆர்50-இல் அந்தத் தொடுபுள்ளிகளை எடுத்துவிட்டார்கள். கேனானின் சொந்த ஃபிளாஷான ஸ்பீட்லைட்டில் பழைய மாதிரியைப் போட்டால்கூட ஏடி-இ1 என்ற தனி அடாப்டர் நடுவில் வேண்டும். இது தெரியாமல் ஆர்50 வாங்கி, முதல் விசேஷத்தில் ட்ரிகரை மாட்டி, ஒன்றும் எரியாமல் நிற்பவர்கள் நிறைய. அந்த அடாப்டர் எல்லாக் கடையிலும் கிடைப்பதும் இல்லை.

மற்ற வித்தியாசங்கள்: ஆர்10-இல் இரண்டு டயல், ஃபோகஸ் புள்ளியை நகர்த்த ஜாய்ஸ்டிக். ஆர்50-இல் ஒரு டயல்தான். ஆர்10-இல் முழு மெக்கானிக்கல் ஷட்டர் உண்டு, ஆர்50-இல் கிடையாது. ஆர்10 வேகம் கூடிய யுஎச்எஸ்-2 கார்டு எடுக்கும், ஆர்50 யுஎச்எஸ்-1 வேகத்தோடு நின்றுவிடும். சென்சார் இரண்டிலும் 24.2 மெகாபிக்சல்தான், படத்தின் தரத்தில் பெரிய வேறுபாடு தேடாதீர்கள். பாடிக்குள் (லென்ஸ் இல்லாத கேமரா உடல்) ஆட்டம் தாங்கும் வசதி இரண்டிலுமே இல்லை.

லென்ஸ் இரண்டும் ஓடும். இஎஃப்-இஓஎஸ் ஆர் அடாப்டர் ஒன்று வேண்டும். அதற்குள் கண்ணாடி ஏதும் இல்லை, வெறும் குழாய். பழைய கேமராவில் லென்ஸ் மாட்டும் இஎஃப் மவுண்ட்டுக்கும் சென்சாருக்கும் இடைவெளி 44 மி.மீ., புது ஆர்எஃப்-இல் 20 மி.மீ. மிச்சம் 24 மி.மீ.-ஐ நிரப்புவதற்குத்தான் அது. அதனால் படத்தின் கூர்மை குறையாது. எஸ்டிஎம் லென்ஸ்கள் இதில் நன்றாகவே ஃபோகஸ் பிடிக்கும்.

இன்னொரு லாபம்: 200டி-யின் எல்பி-இ17 பேட்டரிதான் ஆர்10-க்கும். பழையது வீணாகாது. ஆனால் 200டி-யில் ஒரு சார்ஜுக்கு 650 படம் என்று கணக்கு வைத்திருந்தால் அதை மறந்துவிடுங்கள். கண்ணை வைத்துப் பார்க்கும் சின்ன மின்திரை வழியாக எடுத்தால் அதில் பாதிகூட வராது. நாள் முழுக்க ஓடும் விசேஷத்துக்கு மூன்று பேட்டரி.

கிழக்குத்தாம்பரம்:

பயணத்தை மட்டும் நான் சொல்கிறேன்.

செவ்வாய், புதன், வியாழன் நல்லது. ஞாயிறு ரிச்சி ஸ்ட்ரீட்டில் பெரும்பாலான ஷட்டர் இறங்கித்தான் இருக்கும். சனிக்கிழமை கூட்டம், கவுண்டரில் நின்று நிதானமாகச் சோதிக்க விடமாட்டார்கள். கடைகள் விறுவிறுப்பாவதற்கு 10:30, 11 ஆகிவிடும். அதனால் விடியற்காலை ரயிலைப் பிடித்து எட்டு மணிக்கே அங்கே போய் நிற்பதில் பிரயோஜனம் இல்லை. 10 மணிக்கு சென்னையில் இருந்தால் போதும்.

ரயில் எழும்பூர் வரை போனால்: எழும்பூர் மெட்ரோவில் ஏறி, அடுத்த நிலையம் சென்ட்ரல், அங்கே நீல வழித்தடத்துக்கு மாறி, அடுத்த நிலையம் அரசினர் தோட்டம். அங்கிருந்து ரிச்சி ஸ்ட்ரீட் நடை தூரம். தாம்பரத்தோடு முடியும் ரயில் என்றால் எழும்பூர் வரை போகவே வேண்டாம். தாம்பரத்தில் மின்சார ரயில், கிண்டியில் இறங்கினால் பக்கத்திலேயே மெட்ரோ, கிண்டியிலிருந்து அரசினர் தோட்டத்துக்கு மாறாமல் ஒரே வண்டி. பஸ்ஸில் வந்தால் கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடுவார்கள், அங்கிருந்து நகரத்துக்குள் வருவதற்குள்ளேயே காலை கரைந்துவிடும். ரயில்தான் சரி.

இப்போது ரிச்சி ஸ்ட்ரீட் பற்றி. ரிச்சி ஸ்ட்ரீட், நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு எல்லாம் சேர்ந்த அந்தச் சந்தை கணினி, சிசிடிவி, உதிரிபாகம், கேபிள், பேட்டரி ஆகியவற்றுக்குப் பெயர் பெற்றது. கார்டு ரீடர், எச்டிஎம்ஐ கேபிள், மைக், ட்ரைபாட் போன்றவற்றை அங்கே அலசலாம். கேமரா பாடியை மட்டும் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம் வாங்குங்கள். கேனான் இந்தியா தளத்தில் டீலர் பட்டியல் இருக்கிறது, சென்னை என்று போட்டு, அண்ணா சாலையைச் சுற்றி உள்ளவற்றில் மூன்றைக் குறித்துக்கொண்டு முதல் நாளே போன் போடுங்கள்.

போனில் “ஆர்10 இருக்கா?” என்று மட்டும் கேட்டால் “இருக்கு சார், வாங்க” என்பார்கள். போன பிறகு “குடோன்ல இருந்து வருது, ரெண்டு மணி நேரம்” என்று டீ வாங்கிக் கொடுப்பார்கள். கேட்கவேண்டியது: பாடி மட்டுமா, லென்ஸோடு சேர்ந்த கிட்டா? சீல் பிரிக்காத பெட்டி இப்போது கடையில் இருக்கிறதா? அடாப்டர் கையிருப்பு உண்டா? பில் போட்ட பிறகு கவுண்டரிலேயே பிரித்துச் சோதிக்க விடுவீர்களா? கடைசிக் கேள்விக்குத் தயங்குகிற கடையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

மாலை ரயிலுக்கு முன்பதிவு செய்வதென்றால் 5 மணிக்குப் பிறகு கிளம்புவதாகப் பாருங்கள். 3 மணி ரயிலுக்கு டிக்கெட் போட்டுவிட்டால் கடைக்காரர் அவசரப்படுத்த வேண்டியதில்லை, நீங்களே அவசரப்படுவீர்கள்.

ஒளிக்குடை:

எல்லோரும் பாடியைப் பற்றியே பேசுகிறீர்கள். முதலில் ஒன்று கேட்கிறேன். மண்டபத்தில் படம் மங்கலாக வருகிறது, நொய்ஸ் (புள்ளி புள்ளியான இரைச்சல்) வருகிறது என்பதற்காக மாறுகிறீர்களா? அப்படியென்றால் குற்றவாளி 200டி இல்லை, லென்ஸ். ஆர்10 வாங்கி அதில் கிட்டாக வரும் 18-45-ஐ மாட்டினால் 45 மி.மீ.-இல் அபெர்ச்சர் (லென்ஸின் ஒளித்துளை) எஃப்/6.3. உங்கள் பழைய 18-55-ஐ விடவும் இருட்டு. இதே இடத்தில் எஃப்/2.8 லென்ஸ் என்றால் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 8000 கேட்கிற வெளிச்சத்தில் 1600 போதும்.

தேர்வடம்:

நல்ல கேள்வி. நொய்ஸை ஃபிளாஷ் வைத்துச் சமாளித்துவிடுகிறேன். பிரச்சினை ஃபோகஸ். 200டி-யில் கண்ணாடி வழியாகப் பார்த்தால் 9 புள்ளிதான், எல்லாம் நடுவிலேயே இருக்கின்றன. குழந்தை ஓடும்போது, சாமி புறப்பாட்டில் ஆட்கள் ஆடிக்கொண்டு வரும்போது ஃபோகஸ் பின்னால் போய் உட்கார்ந்துவிடுகிறது.

ஒளிக்குடை:

அப்படியென்றால் மாறுவது நியாயம். கண்ணைப் பிடித்துக்கொண்டே போகும் ஃபோகஸ்தான் ஆர்10-இன் முக்கியமான சரக்கு, ஓரம் வரைக்கும் வேலை செய்யும்.

ஆனாலும் கிட் வேண்டாம், பாடி மட்டும் எடுங்கள் என்பேன். சிக்மா 18-50 எஃப்/2.8 ஆர்எஃப் மவுண்ட்டில் 2024 ஜூலையில் வந்தது, 300 கிராம், 55 மி.மீ. ஃபில்டர். இரண்டையும் சேர்த்தால் உங்கள் பட்ஜெட்டைக் கொஞ்சம் முட்டும். முட்டினால் இப்போதைக்குப் பாடியும் அடாப்டரும் போதும், பழைய லென்ஸ்களோடு ஒரு சீசன் ஓட்டிவிட்டு அடுத்த வருமானத்தில் சிக்மா. அந்த லென்ஸில் ஆட்டம் தாங்கும் வசதி இல்லை, பாடியிலும் இல்லை. போட்டோவுக்கு 1/125-இல் எடுப்பவருக்கு இது பிரச்சினையே இல்லை. கையில் பிடித்து வீடியோ எடுப்பதென்றால் ஆடும். வீடியோதான் பாதி வருமானம் என்றால் கிட்டாக வரும் 18-150-ஐ யோசியுங்கள், அதில் ஆட்டம் தாங்கும் வசதி இருக்கிறது.

இன்னொன்று, புறப்பாட்டில் சீரியல் செட் எரியும்போது எலக்ட்ரானிக் ஷட்டர் போடாதீர்கள். எல்இடி துடிப்பு படத்தில் பட்டை பட்டையாக விழும். எலக்ட்ரானிக் ஷட்டரில் ஃபிளாஷும் எரியாது. “புது கேமராவில் ஃபிளாஷ் வேலை செய்யவில்லை” என்று கடைக்கு வரும் புகாரில் பாதி இதுதான்.

பில்புத்தகம்:

பணம், பில் பக்கம்.

கேமராவுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். 2019 ஜனவரிக்கு முன்னால் 28 இருந்தது. கடையில் சொல்லும் விலை வரி சேர்ந்ததுதான். அதாவது 1,18,000 பில் என்றால் அதில் 18,000 வரி, சிஜிஎஸ்டி 9,000, எஸ்ஜிஎஸ்டி 9,000 என்று பிரிந்திருக்கும். உங்களுக்கு ஜிஎஸ்டி எண் இருந்தால் பில் போடுவதற்கு முன்பே கொடுங்கள். அந்த 18,000-ஐ உள்ளீட்டு வரியாக எடுக்கலாம், ஆனால் அப்படி எடுத்தால் அந்தத் தொகைக்குத் தேய்மானம் கோர முடியாது. போட்ட பில்லை மறுநாள் மாற்றித் தரச் சொல்வது பெரும் பாடு.

“பில் வேண்டாம்னா மூவாயிரம் குறைச்சுக்கலாம்” என்று சொன்னால் வெளியே வந்துவிடுங்கள். பில் இல்லையேல் வாரண்டி இல்லை. அந்தப் பெட்டி எந்த வழியாக வந்தது என்பதும் தெரியாது.

கிரே மார்க்கெட் சரக்கை, அதாவது கம்பெனி வழியாக வராததை, கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. இறக்குமதியாகி முறையாக விற்கும் பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்ஆர்பி, தயாரித்த மாதம், ஆண்டு, வாடிக்கையாளர் சேவை எண் எல்லாம் அச்சிட்ட ஸ்டிக்கர் சட்டப்படி இருக்கவேண்டும். அது இல்லை, அல்லது கிழித்து மேலே வேறு ஒன்று ஒட்டியிருக்கிறது என்றால் வேண்டாம். “கடை வாரண்டி ஒரு வருஷம்” என்று சொல்வதும் அதே கதைதான். கம்பெனி சர்வீஸ் சென்டரில் அந்தக் காகிதம் செல்லாது. சோனி தேடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: ஜப்பான் உள்நாட்டுச் சரக்கில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டும்தான் இருக்கும், மாற்ற முடியாது.

கிட்டாக வாங்கினால் லென்ஸின் சீரியல் எண்ணையும் பாருங்கள். கிட்டைப் பிரித்து லென்ஸைத் தனியாக விற்பது சந்தையில் வழக்கம், வெள்ளைப் பெட்டியில் வரும் லென்ஸ் அதுதான். பாடி மட்டும் வாங்கும்போது பெட்டியின் மேல் கிட் என்று அச்சாகியிருந்தால், அது பிரித்த பெட்டி. விலை குறைத்தால் எடுக்கலாம், தப்பில்லை. புது சீல் பெட்டி விலைக்கு எடுக்காதீர்கள்.

பில்லில் பாடியின் சீரியல் எண் எழுதியிருக்கவேண்டும். பெட்டி, பாடி, வாரண்டி கார்டு, பில் நான்கிலும் ஒரே எண். அடாப்டரையும் கார்டையும் அதே பில்லில் சேர்க்கச் சொல்லுங்கள்.

பணம் கட்டுவது: யுபிஐ-யில் சாதாரணமாக நாளுக்கு 1 லட்சம்தான், சில வங்கிகளில் அதற்கும் குறைவு. புது போனில் யுபிஐ போட்டு 24 மணி நேரம் ஆகவில்லையென்றால் 5,000-க்கு மேல் நகராது, இந்தப் பயணத்துக்கு முந்தைய நாள் போன் மாற்றாதீர்கள். டெபிட் கார்டின் ஸ்வைப் வரம்பை வங்கி ஆப்பில் முதல் நாள் இரவே ஏற்றி வையுங்கள். கிரெடிட் கார்டுக்கு 2 சதவீதம் கூடுதல் கேட்கும் கடைகள் உண்டு, 1,20,000-க்கு அது 2,400. விலை பேசும்போதே “எல்லாம் சேர்த்து கார்டில் எவ்வளவு” என்று கேளுங்கள். வட்டியில்லாத் தவணை என்றாலும் வட்டிக்கு உரிய ஜிஎஸ்டியும் நடைமுறைக் கட்டணமும் உங்கள் தலையில்தான்.

பழையஷட்டர்:

கடையில் சோதிப்பதை விரிவாகச் சொல்கிறேன். 40 நிமிடம் பிடிக்கும். வீட்டிலிருந்து எடுத்துப் போகவேண்டியவை: முழு சார்ஜில் 200டி-யின் பேட்டரி ஒன்று, 200டி-யிலேயே ஃபார்மட் செய்த காலி எஸ்டி கார்டு, இரண்டு லென்ஸ்கள், ஃபிளாஷ், ட்ரிகர், அன்றைய செய்தித்தாள், ஒரு வெள்ளைத் தாள், முடிந்தால் லேப்டாப்.

பேட்டரி ஏன் என்றால், புதுப் பெட்டியில் வரும் பேட்டரியில் சார்ஜ் இருக்காது. கடையில் சார்ஜ் போடக் காத்திருந்தால் ஒன்றரை, இரண்டு மணி நேரம் போய்விடும். உங்கள் எல்பி-இ17-ஐப் போட்டால் அந்த நிமிடமே ஆரம்பிக்கலாம்.

பெட்டி பிரிப்பதை முதலிலிருந்து போனில் வீடியோ எடுங்கள், சீல் தெரிய. முதல் முறை ஆன் செய்ததும் தேதி, நேரம், நேர மண்டலம் கேட்கவேண்டும். கேட்காமல் நேராக உள்ளே போனால் யாரோ ஏற்கெனவே அமைத்திருக்கிறார்கள். டெமோ பீஸாக இருக்கலாம், விசாரியுங்கள்.

அடுத்து, கார்டைப் போட்டு ஒரு படம். கோப்பு எண் ஐஎம்ஜி_0001 என்று தொடங்கவேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள், இரண்டு பக்கமும். கார்டில் பழைய படம் ஏதாவது இருந்தால் கேனான் அந்த எண்ணிலிருந்தே தொடர்ந்து போகும். 200டி-யில் எடுத்த 4,312-ஆவது படம் கார்டில் கிடந்தால் புது கேமரா 4,313 என்று காட்டும், நீங்கள் கடைக்காரரோடு சண்டைக்குப் போவீர்கள். அதனால்தான் காலி கார்டு. கடைக்காரர் தன் கார்டை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

சென்சார்: பாடி மூடியைக் கழற்றாமலேயே, லென்ஸ் இல்லாமல் ஷட்டர் இயங்கும்படி மெனுவில் மாற்றி, மேனுவலில் ஐஎஸ்ஓ 100, 1/60-இல் ஒரு கறுப்புப் படம். பெரிதாக்கி மூலை மூலையாகப் பாருங்கள். வெள்ளை, சிவப்பு, நீலப் புள்ளி ஏதாவது தெரிந்தால் படத்தை நகர்த்துங்கள். புள்ளி படத்தோடு சேர்ந்து நகர்ந்தால் அது சென்சாரில். படம் நகர்ந்தும் புள்ளி அதே இடத்தில் நின்றால் அது பின்திரையில். சென்சார் புள்ளி என்றால், சென்சார் சுத்தம் செய்யும் மெனுவில் மேனுவல் சுத்தம் என்பதைப் போட்டு அரை நிமிடம் அப்படியே வைத்துவிட்டு அணையுங்கள். பெரும்பாலும் அந்தப் புள்ளி மறைந்துவிடும். திரைப் புள்ளி மறையாது, அங்கேயே மாற்றிக் கேளுங்கள். ஐஎஸ்ஓ 6400, பத்து வினாடி என்று வைத்துப் பார்த்தால் எந்தக் கேமராவிலும் நட்சத்திரம் பூத்ததுபோல் புள்ளி வரும். அதைக் குறை என்று சொல்லாதீர்கள்.

தூசி: லென்ஸை மாட்டி எஃப்/16, வெள்ளைத் தாளை மிக அருகில் வைத்து, ஃபோகஸ் வேண்டுமென்றே தவறி ஒரு படம். சாம்பல் நிறப் பொட்டுகள் தெரிந்தால் தூசி. புதுப் பாடியிலும் ஒன்றிரண்டு இருக்கும், ஊதுகுழல் அடித்தால் போய்விடும். ஊதியும் அசையாமல் ஓரம் தெளிவாக, வட்டமாக ஒரு பொட்டு நின்றால் அது எண்ணெய் அல்லது ஈரத் துளி. வேறு பீஸ் கேளுங்கள்.

லென்ஸ் வாங்கினால் மட்டும்: செய்தித்தாளைச் சுவரில் தட்டையாக ஒட்டி, கேமராவை அதற்கு நேர் எதிரே வைத்து, அபெர்ச்சரை முழுக்கத் திறந்து இரண்டு மூன்று படம். நான்கு மூலை எழுத்துகளையும் ஒப்பிடுங்கள். நான்கும் நடுவை விடச் சற்று மங்கலாக இருப்பது இயல்பு. இடது ஓரம் கத்திபோல் இருந்து வலது ஓரம் குழைந்தால் கண்ணாடி சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. கேமரா சாய்ந்திருந்தாலும் இப்படி வரும், அதனால் மாற்றச் சொல்வதற்கு முன் கேமராவைத் தலைகீழாகப் பிடித்து இன்னொரு படம் எடுங்கள். கேமராவை அப்படியே தலைகீழாகப் பிடித்தபடி படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். குழைவு செய்தித்தாளின் எதிர் ஓரத்துக்கு மாறினால் லென்ஸ்தான்.

பிறகு எல்லா பட்டனும், இரண்டு டயலும், ஜாய்ஸ்டிக், திரையின் கீல், தொடுதிரை. கண்ணை வைத்தால் மின்திரை தானாக எரிகிறதா. உள்ளே இருக்கும் ஃபிளாஷ். அப்புறம் உங்கள் ட்ரிகர், உங்கள் ஃபிளாஷ், இதை மட்டும் தவறவிடாதீர்கள். அடாப்டரை மாட்டி இரண்டு லென்ஸிலும் ஃபோகஸ். போனோடு வைஃபை. மைக் துளையில் மைக். ஹெட்போன் துளை இந்த மாடலில் கிடையாது, தேடாதீர்கள்.

மெனுவில் வீடியோ முறை பிஏஎல் என்று மாற்றுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 25 அல்லது 50 ஃபிரேம், ஷட்டர் 1/50 அல்லது 1/100. என்டிஎஸ்சி-யில் 30 ஃபிரேம், 1/60 என்று விட்டுவிட்டால் மண்டபத்து டியூப் லைட் வீடியோவில் துடித்துக்கொண்டே இருக்கும்.

சின்னச்சில்லு:

கார்டு பற்றி யாரும் பேசவில்லையே. ஆர்10-இல் கார்டு துளை ஒன்றுதான், அதனால் கார்டு கெட்டால் விசேஷமே போச்சு. 128 ஜிபி ஒன்று வாங்குவதை விட 64 ஜிபி இரண்டு மேல். ரா (கேமரா மெருகேற்றாத மூலக் கோப்பு), ஜேபெக் இரண்டும் சேர்த்து எடுத்தால் ஒரு 64 ஜிபி கார்டில் சுமார் 1,700 படம் பிடிக்கும்.

வி30 என்று அச்சிட்ட கார்டு போதும். குறைந்தது வினாடிக்கு 30 எம்பி எழுதும் என்று அர்த்தம். யுஎச்எஸ்-2 கார்டு தொடர் படங்களை வேகமாக இறக்கும், ஆனால் விலை இரண்டு மடங்குக்கு மேல், காதுகுத்துக்குத் தேவையில்லை. யுஎச்எஸ்-2 என்று சொல்லி விற்றால் கார்டைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் தங்க ஊசிகள் இரண்டு வரிசையாக இருக்கவேண்டும். ஒரே வரிசை என்றால் அது யுஎச்எஸ்-1, லேபிளில் என்ன எழுதியிருந்தாலும்.

நடைபாதையில் விற்கும் கார்டுகளை விலை பார்த்து அள்ளாதீர்கள். போலிக் கார்டில் உள்ளே இருக்கும் சில்லு 8 ஜிபி, வெளியே காட்டுவது 64. எட்டு நிரம்பும் வரை எல்லாம் சரியாகவே ஓடும். அதன் பிறகு பழைய படங்களின் மேலேயே எழுத ஆரம்பிக்கும், அல்லது கோப்பு இருக்கும், திறக்காது. தாலி கட்டும் நேரம் எப்போதும் எட்டு ஜிபிக்கு அந்தப் பக்கம்தான் வரும்! எந்தக் கடையில் வாங்கினாலும் முதல் வேலைக்கு முன் லேப்டாப்பில் எச்2டெஸ்ட்டபிள்யூ ஓட்டுங்கள். கார்டு முழுக்க எழுதி, திரும்பப் படித்துச் சரிபார்க்கும் இலவசக் கருவி. வினாடிக்கு 80 எம்பி வேகத்தில் 64 ஜிபி எழுத 13 நிமிடம், படிக்க ஏறக்குறைய அதே நேரம். திரும்பும் ரயிலிலேயே முடித்துவிடலாம்.

பேட்டரிக்கும் இதே எச்சரிக்கை. கூடுதல் எல்பி-இ17 மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் வேறு கம்பெனி சரக்கு. சில கேமராவோடு பேசாது, திரையில் எச்சரிக்கை வரும், சார்ஜ் அளவு காட்டாது. வாங்குவதானால் ஆர்10 கையில் வந்த பிறகு, அதில் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

தேர்வடம்:

எல்லாருக்கும் நன்றி. ஆர்10 பாடியும் அடாப்டரும் என்று முடிவு. புதன்கிழமை போகிறேன். கடைசியாக இரண்டு: சோதிக்கும்போது உண்மையிலேயே குறை தெரிந்தால் பில் போட்ட பிறகு மாற்றித் தருவார்களா? 200டி-யை அங்கேயே எக்ஸ்சேஞ்ச் போடலாமா?

பில்புத்தகம்:

கவுண்டரில் இருக்கும்போதே காட்டினால் பெரும்பாலும் வேறு பெட்டி எடுத்துத் தந்துவிடுவார்கள். வாசலைத் தாண்டிவிட்டால் “சர்வீஸ் சென்டரில் எழுதி வாங்கி வாங்க” என்பார்கள். அவர்கள் பழுது என்று எழுதிக் கொடுத்தால்தான் கடை மாற்றும். நாள் கணக்கில் இழுக்கும். பணம் கட்டுவதற்கு முன்பே “குறை இருந்தால் இப்போதே மாற்றம்” என்று பேசிவிடுங்கள். இதற்காகவே இரண்டாவது பீஸ் கையிருப்பு இருக்கிற கடையைத் தேர்ந்தெடுங்கள்.

எக்ஸ்சேஞ்ச் வேண்டாம். கடை கொடுக்கும் விலை அடிமட்டம். 200டி-யை இரண்டாவது கேமராவாக வைத்துக்கொள்ளுங்கள், பேட்டரி ஒன்றே. விற்றே ஆகவேண்டுமென்றால் ஊரில் கற்றுக்கொள்ளும் பையன் யாராவது அதிகம் தருவான்.

கிழக்குத்தாம்பரம்:

திரும்பும்போது: கேமராப் பெட்டியைக் கடைப் பையோடு கையில் ஆட்டிக்கொண்டு ரயில் ஏறாதீர்கள். பெட்டியைச் சாதாரணத் துணிப்பைக்குள், கேமராவை உங்கள் பழைய பைக்குள். ஏசி கடையிலிருந்து நேரே வெயிலுக்கு வந்ததும் வெளியே எடுத்தால் சென்னைப் புழுக்கத்தில் கண்ணாடி வியர்க்கும். பை மூடியபடியே அரைமணி நேரம் இருக்கட்டும். ரிச்சி ஸ்ட்ரீட் நடைபாதையில் நின்று லென்ஸ் மாற்றிப் பார்ப்பதும் வேண்டாம், அந்தத் தூசி சென்சாருக்குள் போனால் எடுப்பது சிரமம்.

பழையஷட்டர்:

ஒன்று விட்டுப்போச்சு. மின்திரையில் கண்ணை வைத்ததும் எழுத்தெல்லாம் மங்கலாகத் தெரிந்தால் பீஸ் கெட்டது என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். கண்ணை வைக்கும் ரப்பருக்குப் பக்கத்தில் சின்னச் சக்கரம் ஒன்று இருக்கும், பெட்டியிலிருந்து வரும்போது அது எங்கேயாவது திரும்பித்தான் இருக்கும். படத்தைப் பார்க்காமல், கீழே ஓடும் எண்களைப் பார்த்தபடி, அவை கூர்மையாகும் வரை திருப்புங்கள். கண்ணாடி போடுகிறவர் என்றால் கண்ணாடியோடு எடுக்கப்போகிறீர்களா கழற்றியா என்று முடிவு செய்துகொண்டு திருப்புங்கள்.